கொல்லாதே, பிடி: ஷிவல்ரி யாருக்காக உருவானது?

1119 ஆகஸ்ட் 20. வட பிரான்ஸில் பிரெமுல் என்ற இடத்தில் இங்கிலாந்து அரசர் முதலாம் ஹென்றியின் படையும் பிரான்ஸ் அரசர் ஆறாம் லூயியின் படையும் மோதின. இரண்டு தரப்பிலும் சேர்த்து சுமார் 900 குதிரைவீரர்கள். பிரெஞ்சுப் படை சிதறி ஓடியது. 140 வீரர்கள் பிடிபட்டார்கள். செத்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? மூன்று பேர்.

அந்த வட்டாரத்தில், செயின்ட் எவ்ரூல் மடத்தில் வாழ்ந்த ஓர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவி இந்தக் கணக்கை எழுதி வைத்திருக்கிறார். ஏன் மூன்றே பேர் என்பதற்கும் அவரே காரணம் சொல்கிறார். உடம்பு முழுக்க இரும்பு போர்த்தியிருந்தார்கள். கடவுளுக்குப் பயந்தார்கள். ஒருவருக்கொருவர் தோழர்கள் என்ற எண்ணம் இருந்தது. அதனால் ஓடுகிறவர்களைக் கொல்வதைவிடப் பிடிப்பதிலேயே குறியாக இருந்தார்கள் என்கிறார்.

ஷிவல்ரியைப் பற்றி எப்போது யோசித்தாலும் நான் இந்த மூன்று என்ற எண்ணில்தான் வந்து நிற்பேன். பெண்ணுக்குக் கதவைத் திறந்து பிடிப்பது, நாற்காலியை இழுத்துப் போடுவது, மழையில் கோட்டைக் கழற்றிக் கொடுப்பது என்றெல்லாம் இன்று நாம் அந்தச் சொல்லுக்குக் கொடுக்கும் பொருள் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. 12ஆம் நூற்றாண்டு ஆளிடம் போய் ஷிவல்ரி என்றால் என்ன என்று கேட்டிருந்தால், அவர் முதலில் குதிரையைத்தான் காட்டியிருப்பார்.

லத்தீன் பேச்சுமொழியில் கபாலுஸ் என்றால் குதிரை. அதிலிருந்து பிரெஞ்சில் ஷெவால், குதிரைமேல் இருப்பவன் ஷெவாலியே, அவனைச் சார்ந்த எல்லாமும் ஷெவாலெரி. முதலில் அந்தச் சொல் குதிரைப்படையைத்தான் குறித்தது. பிறகு குதிரைமேல் இருந்து சண்டை போடும் திறமையைக் குறித்தது. அப்புறம்தான் அந்த ஆள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற பொருள் ஏறியது. ஜெர்மன் மொழியில் ரிட்டர் என்றால் சவாரி செய்பவன், அவ்வளவுதான். ஆங்கிலத்து நைட் என்ற சொல்லின் பழைய பொருள் இன்னும் எளிமையானது: பையன், ஏவலாள். சதுரங்கத்தில் நாம் குதிரை என்று சொல்லும் காயைத்தான் அவர்கள் நைட் என்கிறார்கள். குதிரையை எடுத்துவிட்டால் அந்த ஆளே இல்லை.

அந்தக் குதிரை சாதாரணமாகக் கிடைப்பதில்லை. போருக்குப் பழக்கிய குதிரை ஒன்று, பயணத்துக்கு இன்னொன்று, சாமான் சுமக்க மற்றொன்று, இவற்றைப் பார்த்துக்கொள்ள ஆட்கள். இதற்கு மேல் வளையக் கவசம். சின்னச் சின்ன இரும்பு வளையங்களை ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்து, ஆணியடித்து மூடிச் செய்த சட்டை அது. பத்து கிலோவுக்கு மேல் கனக்கும். இதையெல்லாம் தாங்கி, ஓடும் குதிரையில் ஈட்டியை அக்குளில் இடுக்கிக் குறி தவறாமல் குத்தப் பழகச் சிறு வயதிலிருந்தே வேறு வேலை இல்லாமல் இருக்க வேண்டும். ஆக, இப்படி ஒருவனை உருவாக்க ஒரு குடும்பத்தின் நிலம் முழுக்க உழைக்க வேண்டியிருந்தது. அவனைக் கொன்றால் கவசமும் குதிரையும் மட்டும் கிடைக்கும். உயிரோடு பிடித்தால் அவன் குடும்பம் நிலத்தை அடகு வைத்தாவது மீட்க வரும்.

இந்தக் கணக்கை ஒரே மனிதனின் வாழ்க்கையில் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்க முடிகிறது. வில்லியம் மார்ஷல் என்று பெயர். 1147 வாக்கில் பிறந்து 1219இல் இறந்தார். ஒரு சிறு பிரபுவின் நான்காவது மகன், சொத்தில் பங்கு வர வாய்ப்பே இல்லாதவர். கடைசியில் இங்கிலாந்தையே ஆளும் இடத்துக்கு வந்தார். அவர் இறந்த சில ஆண்டுகளில் மகன் ஒரு கவிஞரை அமர்த்தி, அப்பாவின் கதையை 19,214 வரிகளில் பிரெஞ்சுச் செய்யுளாக எழுத வைத்தார். பல நூற்றாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்த அந்த ஏட்டை 19ஆம் நூற்றாண்டில் பால் மேயர் என்ற பிரெஞ்சு அறிஞர் தேடிக் கண்டுபிடித்தார். அரசரல்லாத ஒரு குதிரைவீரனைப் பற்றி அந்தக் காலத்தில் இவ்வளவு விரிவாக எழுதியது வேறெதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. மகன் காசு கொடுத்து எழுதவைத்தது என்பதால் புகழ்ச்சி நிறையவே உண்டு. ஆனால் எதைப் புகழ்கிறார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம்.

அவருடைய கதை தூக்குமரத்தடியில் தொடங்குகிறது. 1152இல் அரசர் ஸ்டீஃபன் நியூபரி என்ற இடத்தில் வில்லியமின் தந்தை ஜானின் கோட்டையை முற்றுகை இட்டார். கோட்டையை ஒப்படைக்க ஜான் அவகாசம் கேட்டார். அதற்குப் பிணையாக ஐந்து வயது வில்லியமை அரசரிடம் அனுப்பினார். பிள்ளையை அனுப்பிவிட்டு, வாக்கை மீறி, கோட்டைக்குள் உணவும் ஆட்களும் சேர்த்தார். மகனைத் தூக்கில் போடுவோம் என்று சொல்லி அனுப்பியபோது வந்த பதில் இது: இதைவிட நல்ல பிள்ளைகளை அடித்துச் செய்ய என்னிடம் சுத்தியலும் பட்டறைக் கல்லும் இருக்கின்றன.

பையனைத் தூக்குக்கு அழைத்துப் போனார்கள். வழியில் ஒரு பிரபு கையில் வைத்திருந்த ஈட்டியைப் பார்த்துவிட்டு, அதை எனக்குத் தருவீர்களா என்று கேட்டிருக்கிறான் குழந்தை. ஸ்டீஃபன் அவனைத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்குத் திரும்பிவிட்டார். பிறகு ஒரு நாள், அரசரும் பையனும் தரையில் உட்கார்ந்து, காட்டுச் செடியின் தண்டுகளைக் குதிரைவீரர்களாக வைத்து ஒன்றை ஒன்றால் அடித்து விளையாடினார்கள். பையன்தான் ஜெயித்தானாம்.

எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மனசு கனத்துப்போகும். தந்தை வாக்கை உடைத்தார், அரசர் கையை அடக்கிக்கொண்டார். அடித்திருந்தால் அரசரைக் குறை சொல்ல யாருமில்லை, பிணை என்றால் அதுதான் பொருள். பலம் இருந்தும் அடிக்காமல் விடுவது என்ற எண்ணம் எழுதப்பட்ட விதியாக இல்லாமல், ஒரு மனிதரின் தயக்கமாக இங்கே தெரிகிறது.

பதின்மூன்று வயது வாக்கில் வில்லியமை நார்மண்டியில் டாங்கர்வில் என்ற பிரபு வீட்டுக்கு அனுப்பினார்கள். தாயின் உறவினர் வீடு. பையன் சாப்பிடுவதும் தூங்குவதுமாகவே இருந்ததால் தீனிப்பண்டாரம் என்பது போல ஒரு பட்டப்பெயர் வைத்தார்களாம். இருபதை நெருங்கும்போது இடுப்பில் வாளைக் கட்டிவிட்டு அவரைக் குதிரைவீரர் ஆக்கினார்கள். உடனே டிரான்கூர் என்ற ஊரில் முதல் சண்டை. தெருத் தெருவாகப் போராடினார், குதிரையை இழந்தார், எல்லோரும் பாராட்டினார்கள்.

அன்று இரவு விருந்தில் எஸ்ஸெக்ஸ் பிரபு வில்லியம் டி மாண்டவில் அவரைப் பார்த்து, மார்ஷல், எனக்கு ஒரு பரிசு கொடு, ஒரு பழைய குதிரைக் கழுத்துப்பட்டை போதும் என்று கேட்டார். என் வாழ்நாளில் அப்படி ஒன்று என்னிடம் இருந்ததே இல்லையே என்றார் இளைஞர். என்ன சொல்கிறாய், இன்று என் கண்ணெதிரே நாற்பதோ அறுபதோ உன் கைக்கு வந்ததே என்றார் மாண்டவில். சபை சிரித்தது.

புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். அடித்து வீழ்த்திய ஒவ்வொருவனும் ஒரு சொத்து. குதிரை, கவசம், மீட்புப் பணம். அவர் வீரத்தைக் காட்டிவிட்டு வெறுங்கையோடு வந்துவிட்டார். செத்த குதிரைக்குப் பதில் வேறு குதிரை கொடுக்க எஜமானும் முன்வரவில்லை. குதிரைவீரர் ஆனபோது போர்த்திய மேலங்கியை 22 சூ என்ற அந்தக் கால நாணயத்துக்கு விற்று ஒரு பொதிக்குதிரை வாங்கினார். பாடம் அந்த விலையில் பதிந்தது. சில மாதங்களில் லெ மான் நகருக்குப் பக்கத்தில் நடந்த டோர்னமென்ட்டில் பிலிப் டி வலோன் என்பவரின் கடிவாளத்தைப் பிடித்துக் கூட்டத்திலிருந்து இழுத்து வந்து சரணடைய வைத்தார். அன்றைக்கு ஊர் திரும்பும்போது அவர் பின்னால் குதிரைகள் வரிசையாக வந்தன.

இன்று கிரிக்கெட்டுக்கும் கேரம்போர்டுக்கும் சொல்லும் அதே டோர்னமென்ட்தான். ஆனால் சினிமாவில் பார்ப்பது போல வேலிக்கு இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் எதிர்த்து ஓடி வரும் ஒற்றைக்கு ஒற்றை ஆட்டமாக மட்டும் நினைக்க வேண்டாம். 12ஆம் நூற்றாண்டில் டோர்னமென்ட் என்றால் இரண்டு ஊர்களுக்கு நடுவில் உள்ள வயல், தோட்டம், தெரு எல்லாம் களம். இரண்டு அணியாகப் பிரிந்து நூற்றுக்கணக்கானவர்கள் உண்மை ஆயுதங்களோடு மோதுவார்கள். நோக்கம் பிடிப்பது. பிடிபட்டவன் தன் வாக்கைக் கொடுப்பான். கொடுத்ததும் அவனை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த ஆளைத் தேடிப் போகலாம். சாயங்காலம் அவன் தானாக வந்து கணக்கைத் தீர்ப்பான்.

ஆனே என்ற ஊரில் நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மார்ஷல் சிமோன் டி நோஃப்ல் என்பவரைப் பிடித்து, கடிவாளத்தைக் கையில் சுற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவில் இழுத்து வந்தார். வழியில் ஒரு வீட்டுக் கூரையின் தூம்பு தாழ்வாக நீட்டிக்கொண்டிருந்தது. சிமோன் அதை எட்டிப் பிடித்துத் தொங்கிவிட்டார். மார்ஷலுக்கு அப்போது எஜமானாக இருந்த அரசகுமாரர், இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றியின் மகன் இளைய ஹென்றி, பின்னால் வந்தார்; பார்த்தும் வாய் திறக்கவில்லை. முகாமுக்கு வந்த மார்ஷல், இந்த வீரனைப் பிடித்துக்கொள் என்றார் ஏவலாளிடம். எந்த வீரனை என்று கேட்டார்கள். சேணம் காலி. அவரும் சேர்ந்து சிரித்தார். குதிரை மட்டும் மிஞ்சியது.

ஒரு கட்டத்தில் ரோஜர் டி கோஜி என்ற இன்னொரு வீரரோடு கூட்டு சேர்ந்தார். ஊர் ஊராகப் போவது, கிடைப்பதைச் சரிபாதி பிரிப்பது. பத்து மாதத்துக்குள் இருவரும் 103 பேரைப் பிடித்தார்கள். இந்த எண் நமக்குத் தெரிவதற்குக் காரணம், அரசகுமாரரின் சமையலறைக் கணக்கர் விகாங் என்பவர் குறித்து வைத்திருந்ததுதான். குதிரைகளும் சாமான்களும் அந்தக் கணக்கில் சேரவில்லை.

இதைக் கேட்டதும், அப்படியானால் ஷிவல்ரி எல்லாம் வெறும் பண வேட்டையா என்று தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பணம்தான் அந்த நெறியைப் பிறப்பித்தது என்றாலும் நெறி பணத்தோடு நின்றுவிடவில்லை. யோசித்துப் பாருங்கள். எழுத்தில்லை, சாட்சியில்லை, பத்திரமில்லை. பிடிபட்டவன் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி அவனை விடுகிறார்கள். அவன் ஏமாற்றினால் என்ன ஆகும்? அடுத்த முறை அவனை யாரும் உயிரோடு பிடிக்க மாட்டார்கள். அவன் சொல்லுக்கு மதிப்பு போய்விட்டால் அவன் உயிருக்கும் மதிப்பு போய்விடும். மானம், வாக்கு, விசுவாசம் என்று கவிஞர்கள் பாடியதெல்லாம் இந்த மண்ணில்தான் வேர் பிடித்தது. ஒருவன் தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ளப் படும் பாடு தலைமுறைக்குத் தலைமுறை உண்மையான குணமாகவே ஆகிவிடுவதுண்டு.

கிடைத்ததைப் பூட்டி வைக்கவும் கூடாது. கொடைதான் அந்த உலகத்தில் வீரத்துக்கு அடுத்த அடையாளம். ஷுவாங்யி என்ற ஊரில் டோர்னமென்ட் தொடங்கும் முன் பெண்கள் வந்து நின்றார்கள், ஆடல் நடந்தது, மார்ஷல் பாடினார். அங்கிருந்த ஒரு இளம் பாடகன் புதுப்பாட்டு ஒன்றை எடுத்துவிட்டான். மார்ஷல், எனக்கு ஒரு நல்ல குதிரை கொடு என்பது அதன் பல்லவி. அவர் பேசாமல் எழுந்து போய்க் குதிரை ஏறினார். எதிரே வந்த ஒருவரைக் கீழே தள்ளி, அந்தக் குதிரையைக் கொண்டுவந்து பாடகன் கையில் கொடுத்துவிட்டார். அவன் திரும்பி வந்து ஆட்டத்தில் சேர்ந்துகொண்டான்.

இந்த நெறியின் கூர்மையான முனை எது என்றால், கவசம் இல்லாதவனைத் தாக்கக் கூடாது என்பதுதான். 1168இல் பிரான்ஸின் புவாத்து பகுதியில், மார்ஷலின் தாய்மாமன் பாட்ரிக், சாலிஸ்பரி பிரபு, கவசம் போடாமல் பயணக் குதிரையில் போய்க்கொண்டிருந்தார். லூசின்யான் குடும்பத்தின் ஆட்கள் பாய்ந்தார்கள். போர்க்குதிரைக்கு மாறுவதற்குள் ஒருவன் முதுகில் குத்திக் கொன்றான். மார்ஷல் தலைக்கவசம்கூட இல்லாமல் பாய்ந்து, ஒரு வேலியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தனியாகப் போராடினார். வேலிக்குப் பின்னாலிருந்து ஒருவன் தொடையில் ஈட்டியை இறக்கினான். பிடித்துக்கொண்டு போய்க் காயத்துக்கு மருந்துகூடப் போடாமல் இழுத்துத் திரிந்தார்கள். ஒரு வீட்டில் ஒரு பெண் ரொட்டியின் உள்ளே இருப்பதைத் தோண்டி எடுத்துவிட்டு அதற்குள் கட்டுத்துணி வைத்து ரகசியமாக அனுப்பினாள். கடைசியில் அரசி எலினோர் பணம் கொடுத்து அவரை மீட்டார்.

21 ஆண்டுகள் கழித்து அதே நிலைமை திரும்பி வந்தது, ஆட்கள் இடம் மாறி. 1189 ஜூனில் வயதான அரசர் இரண்டாம் ஹென்றி லெ மானிலிருந்து தப்பி ஓடுகிறார். துரத்துபவர் சொந்த மகன் ரிச்சர்ட், பின்னாளில் சிங்கநெஞ்சன் என்று பெயர் வாங்கியவர். பின்காவலாக நின்ற மார்ஷல் குதிரையைத் திருப்பி ஈட்டியை நீட்டிக்கொண்டு நேரே போனார். ரிச்சர்ட் கவசம் போட்டிருக்கவில்லை. என்னைக் கொல்லாதே மார்ஷல், அது தவறு, நான் ஆயுதமில்லாமல் இருக்கிறேன் என்று கத்தினார். சாத்தான் உன்னைக் கொல்லட்டும், நான் கொல்ல மாட்டேன் என்று சொல்லிக் குதிரையை மட்டும் குத்திச் சாய்த்தார் மார்ஷல்.

மாமனைக் கொன்றவர்கள் செய்ததைத் தன் கையால் செய்ய அவருக்கு அன்று வாய்ப்பு இருந்தது. செய்யவில்லை. ஷிவல்ரி என்ற சொல்லுக்கு யாராவது என்னிடம் ஒரே ஓர் உதாரணம் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

சில வாரங்களில் ஹென்றி இறந்தார். ரிச்சர்ட் அரசரானார். அன்றைக்கு நீ என்னைக் கொல்லப் பார்த்தாய், நான்தான் ஈட்டியைத் தட்டிவிட்டேன் என்றார் மார்ஷலிடம். தலை தப்ப வேண்டுமானால் ஆமாம் என்றிருக்கலாம். மார்ஷல் அப்படிச் சொல்லவில்லை. என் ஈட்டியை நினைத்த இடத்தில் செலுத்த எனக்கு இன்னும் தெம்பிருக்கிறது, விரும்பியிருந்தால் குதிரையைக் குத்தியது போல உங்கள் உடம்பிலும் குத்தியிருப்பேன் என்றார். ரிச்சர்ட் அவரை மன்னித்ததோடு, இஸபெல் டி க்ளேரை மணமுடித்தும் வைத்தார். இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்து என மூன்று பக்கமும் நிலம் கொண்ட வாரிசு அவர். மார்ஷலுக்கு நாற்பது கடந்திருந்தது, அவருக்குப் பதினெட்டுக்குள். இஸபெலின் விருப்பத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பாடல்களில் காதலியின் கடைக்கண் பார்வைக்கு ஏங்கும் அதே வீரர்களின் உலகத்தில், நிலமுள்ள பெண் என்பவள் அரசர் கையிலிருந்து கைமாறும் ஒரு சொத்து.

இதுவரை சொன்னது ஒரு வட்டத்துக்குள் நடந்தது. குதிரையும் கவசமும் உள்ளவர்களின் வட்டம். வட்டத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு என்ன நடந்தது?

1188இல், ஹென்றி உயிரோடு இருந்தபோது, பிரெஞ்சு அரசரோடு நடந்த போரில் மார்ஷல் ஒரு யோசனை சொன்னார். படையைக் கலைத்துவிட்டது போல நடியுங்கள், ரகசியமாக மீண்டும் கூட்டுங்கள், எதிரி அசந்திருக்கும்போது அவர் நாட்டுக்குள் புகுந்து நாசம் செய்யலாம் என்றார். நாசம் என்றால் பயிரை எரிப்பது, மாட்டை ஓட்டுவது, கிராமத்தைக் கொளுத்துவது. அரசர் மகிழ்ந்துபோனார். மார்ஷல், நீ எவ்வளவு பண்பாளன் என்றார். அரசவை நாகரிகத்தைக் குறிக்கும் கோர்த்தே என்ற சொல்லைத்தான் அவர் பயன்படுத்தினார் என்று கவிதை சொல்கிறது. கவிஞருக்கு இதில் எந்த முரணும் தெரியவில்லை. நாம்தான் அந்த வரியில் தடுக்கி நிற்கிறோம். வைக்கோல் வேய்ந்த வீட்டில் இருந்தவன் மீட்புப் பணம் தர முடியாதவன். அவனைப் பிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அந்த ஏழைகளுக்காக முதலில் குரல் கொடுத்தது திருச்சபை, அதையும் சொல்ல வேண்டும். மார்ஷல் பிறப்பதற்கு நூற்றைம்பது ஆண்டுகள் முன்னால், 989இல் ஷாரூ என்ற ஊரில் ஆயர்கள் கூடினார்கள். தேவாலயத்தை உடைப்பவன், ஏழைகளின் மாட்டையும் ஆட்டையும் பறிப்பவன், ஆயுதமில்லாத குருவை அடிப்பவன், இவர்களுக்குச் சாபம் என்று அறிவித்தார்கள். கடவுளின் அமைதி என்று அந்த இயக்கத்துக்குப் பெயர். யாரிடமிருந்து யாரைக் காப்பாற்ற இந்தச் சாபம்? குதிரைவீரர்களிடமிருந்துதான். பலவீனரைக் காப்பான் என்று பின்னாளில் பாடப்பட்ட அதே ஆளிடமிருந்து. 1095இல் போப் இரண்டாம் அர்பன் கிளர்மோனில் இவர்களைக் கிழக்கே புனிதப் போருக்கு அனுப்பினார். 1130இல் அதே ஊரில் கூடிய சபை, டோர்னமென்ட்டில் செத்தவனுக்குக் கிறிஸ்தவ அடக்கம் இல்லை என்று தடை போட்டது. யாரும் கேட்கவில்லை. 1194இல் ரிச்சர்ட் இங்கிலாந்தில் ஐந்து இடங்களில் டோர்னமென்ட்டுக்கு உரிமம் கொடுத்து, அந்தக் காலப் பணக் கணக்கில் பெரிய பிரபுவுக்கு 20 மார்க், நிலமில்லாத வீரனுக்கு 2 மார்க் என்று கட்டணமும் வைத்தார்.

மார்ஷலுக்கும் திருச்சபையின் பேச்சு காதில் விழாமல் இல்லை. 1183இல் சாலையோரம் படுத்திருந்தபோது ஒரு ஆணும் பெண்ணும் குதிரையில் போவதைப் பார்த்தார். விசாரித்தால் அந்த ஆள் மடத்திலிருந்து ஓடிவந்த துறவி, பெண் பெரிய வீட்டுப் பெண். அண்ணனிடம் சமாதானம் பேசிச் சேர்த்துவைக்கிறேன் என்றார் அவளிடம். அவள் மறுத்தாள். சரி, எப்படிப் பிழைப்பீர்கள் என்று கேட்டார். துறவி இடுப்பிலிருந்த 48 பவுண்டு பணத்தைக் காட்டி, வட்டிக்கு விட்டுப் பிழைப்போம் என்றான். வட்டியா? அது பாவம் என்று சொல்லி, பணத்தை ஏவலாள் கையில் வாங்கச் சொன்னார். அவர்களைப் போக விட்டுவிட்டார். அன்று இரவு நண்பர்களோடு பங்கு போட்டுக்கொண்டார்.

கவிஞர் இதை நற்செயலாகவே எழுதுகிறார். மார்ஷலும் அப்படியே நினைத்திருப்பார். வழிப்பறிக்கும் அறத்துக்கும் நடுவே நமக்குத் தெரியும் கோடு அவர்களுக்கு வேறு இடத்தில் இருந்தது.

1216இல் அரசர் ஜான் இறந்தபோது நாட்டின் பாதி பிரெஞ்சு இளவரசர் லூயியின் கையில். புது அரசர் மூன்றாம் ஹென்றிக்கு ஒன்பது வயது. எழுபதை நெருங்கிய மார்ஷலை ஆட்சிப் பொறுப்பாளராக்கினார்கள். ஒரு காலத்தில் ஓர் அரசர் அவரைத் தூக்கிலிருந்து காப்பாற்றித் தரையில் உட்கார்ந்து விளையாடினார், இப்போது ஒரு குழந்தை அரசர் அவர் கையில். எல்லோரும் கைவிட்டாலும் இந்தப் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு தீவு தீவாக, நாடு நாடாக, பிச்சை எடுத்தாவது காப்பாற்றுவேன் என்றார். ஜானை எதிர்த்த பிரபுக்களைத் திருப்பி அழைக்க, அவர்கள் போராடி வாங்கிய மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தையே திருத்தித் தன் முத்திரையோடு மீண்டும் வெளியிட்டார். இது எனக்கு அவருடைய ஈட்டியைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

1217 மே 20, லிங்கன் நகரம். கோட்டையை மாதக்கணக்கில் காத்து நின்றவர் அறுபது கடந்த ஒரு பெண்மணி, நிக்கோலா டி லா ஹே. ஆபத்தில் தவிக்கும் அழகியை வீரன் மீட்கும் கதைகளுக்கு இவர் பொருந்த மாட்டார். கோட்டையை முற்றுகை இட்டபடி எதிரிகள் பிடித்து வைத்திருந்த நகரத்துக்குள் மார்ஷலின் படை பாய்ந்தது. கிழவர் தலைக்கவசம் போடாமலே குதிரையைத் தட்டிவிட்டார். ஐயா, தலைக்கவசம் என்று ஒரு சிறுவன் நினைவூட்டியதும் வாங்கிப் போட்டுக்கொண்டு பாய்ந்தார். பேராலயத்தின் முன்னால் எதிரிப் படையின் தலைவர் பெர்ஷ் பிரபுவோடு நேருக்கு நேர். அவர் மார்ஷலின் தலையில் மூன்று அடி அடித்தார், கவசம் நசுங்கியது. மறு கணம் குதிரையிலிருந்து விழுந்தார். மயக்கம் என்றுதான் நினைத்தார் மார்ஷல். தலைக்கவசத்தைக் கழற்றிப் பார்த்தால், யாரோ குத்திய ஈட்டி முனை கண் ஓட்டை வழியே உள்ளே போயிருந்தது. எல்லோரும் வருந்தினார்கள், மார்ஷலும். அவர் உறவினர். இப்படி நடந்திருக்கக் கூடாது.

இங்கேயும் செத்த வீரர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், பிடிபட்டவர்கள் நூற்றுக்கணக்கில். பிரெமுலில் பார்த்த அதே கணக்கு, நூறு ஆண்டு கழித்து.

ஆனால் சண்டை முடிந்ததும் வென்றவர்கள் நகரத்துக்குள் இறங்கினார்கள். வீடு வீடாகக் கொள்ளை. பேராலயத்தையும் விடவில்லை. கெடுத்துவிடுவார்கள் என்று பயந்து பெண்கள் குழந்தைகளையும் வீட்டுச் சாமான்களையும் எடுத்துக்கொண்டு சின்னப் படகுகளில் ஏறினார்கள். பாரம் தாங்காமல், துடுப்புப் போடத் தெரியாமல், படகுகள் ஆற்றில் கவிழ்ந்தன. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து வெள்ளிக் கிண்ணங்களை எடுத்தார்கள் என்று ரோஜர் என்ற துறவி எழுதியிருக்கிறார். வென்றவர்கள் அந்த நாளுக்கு வைத்த பெயர் லிங்கன் சந்தை. பெர்ஷ் பிரபு ஒருவரின் சாவுக்குத் துக்கம், மூழ்கிய பெண்களின் எண்ணிக்கையை யாரும் குறிக்கவில்லை. இரண்டும் ஒரே நாளில், ஒரே ஊரில், ஒரே படையால் நடந்தவை.

வட்டத்துக்கு வெளியே இருந்தவர்கள் திருப்பி அடித்த நாளும் வந்தது. 1302 ஜூலை 11இல் ஃபிளாண்டர்ஸின் கோர்ட்ரே நகரத்து வெளியில், நெசவாளர்களும் கைவினைஞர்களும் கால்நடையாகக் கம்பும் ஈட்டியும் பிடித்து வரிசையாக நின்று பிரெஞ்சுக் குதிரைப்படையை எதிர்த்தார்கள். யாரையும் உயிரோடு பிடிக்கக் கூடாது என்பது அவர்களுக்கு உத்தரவு. சேற்றிலும் வாய்க்காலிலும் சிக்கிய பிரபுக்கள் வழக்கம்போலச் சரணடையப் பார்த்தார்கள். படைத்தலைவர் ரொபேர் டி ஆர்த்துவா உட்பட நூற்றுக்கணக்கானவர்களை அடித்தே கொன்றார்கள். குதிரையை விரட்டக் குதிகாலில் மாட்டும் தங்க முட்களை, அவர்களின் பூட்ஸிலிருந்து கழற்றிச் சுமார் 500 ஜோடி, ஊர்த் தேவாலயத்தில் தொங்கவிட்டார்கள். நெசவாளனின் வீட்டை எரிக்கும்போது யாரும் அவனோடு ஒப்பந்தம் போடவில்லை. தான் போடாத ஒப்பந்தத்தை அவன் ஏன் மதிக்க வேண்டும்? 1382இல் பிரெஞ்சுப் படை திரும்பி வந்து முட்களை எடுத்துக்கொண்டு ஊருக்குத் தீ வைத்தது.

பிறகு வில்லும் துப்பாக்கியும் சம்பளப் படையும் வந்து குதிரைவீரனின் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்தன. பட்டம் மிஞ்சியது. சி.வி. ராமனுக்கு 1929இல் கிடைத்த சர் பட்டம் அந்தப் பழைய மரத்தில் முளைத்த கிளைதான். பலவீனர், பெண்கள், ஏழைகள் என்று அந்த நெறியை வட்டத்துக்கு வெளியே விரித்துச் சொன்னவர்கள் பெரும்பாலும் குருமார்களும் கவிஞர்களும், வெகுகாலம் கழித்து 19ஆம் நூற்றாண்டுக் கனவாளர்களும். கத்தி பிடித்தவர்கள் குறைவு. ஆனாலும் அவர்கள் எல்லோரும் விரிக்க எடுத்துக்கொண்ட துணி பிரெமுலில் நெய்ததுதான்: கையில் ஆயுதம் இருக்கிறது, எதிரே இருப்பவன் தோற்றுவிட்டான், இருந்தாலும் அடிக்காமல் விடலாம்.

மார்ஷல் 1219 மே 14இல் தேம்ஸ் நதிக்கரையில் காவர்ஷம் என்ற தன் வீட்டில் இறந்தார். படுக்கையில் கிடந்த நாட்களில் வீரர்களில் ஒருவர், பறித்ததைத் திருப்பிக் கொடுத்தால்தான் மோட்சம் என்று குருமார்கள் சொல்கிறார்களே என்று கேட்டார். குருமார்கள் நம்மை ரொம்பவும் ஒட்டச் சிரைக்கிறார்கள் என்றார் மார்ஷல். நான் 500 வீரர்களைப் பிடித்திருக்கிறேன், அவர்களுடைய ஆயுதமும் குதிரையும் என்னிடம்தான் இருந்தன, அதற்காகக் கடவுளின் ராஜ்யம் எனக்கு மூடிவிடும் என்றால் நான் என்ன செய்ய முடியும், எப்படித் திருப்பிக் கொடுப்பேன்?

இன்னொரு நாள் ஒரு குரு வந்து, வீட்டில் ரோமம் வைத்துத் தைத்த புது அங்கிகள் நிறைய இருக்கின்றன, விற்றுத் தருமம் செய்தால் உங்கள் ஆன்மாவுக்கு நல்லது என்றார். மார்ஷலுக்குக் கோபம் வந்துவிட்டது. வாயை மூடு என்றார். பெந்தெகொஸ்தே திருநாள் வருகிறது, என் வீரர்களுக்குப் புது அங்கி கொடுக்க வேண்டிய நேரம், என் கையால் கொடுக்கப்போவது இதுதான் கடைசி முறை. பக்கத்தில் நின்ற ஜான் ஆஃப் எர்லியைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் பிரித்துக் கொடு, போதவில்லை என்றால் லண்டனுக்கு ஆள் அனுப்பி வாங்கி வரச் சொல் என்றார்.